விருப்பாச்சி

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது விருப்பாச்சி. ‘விருப்பம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்ளத் தோன்றும், தொடர்பில்லை. மூலச்சொல் ‘விரூபாக்ஷ’. விரூபம் என்றால் மாறுபட்ட உருவம், அக்ஷம் என்றால் கண். நெற்றிக்கண் கொண்ட சிவனுக்கு அது பெயர். துங்கபத்திரைக் கரையில் ஹம்பியில் குடியிருக்கும் விரூபாட்சர்தான் விஜயநகர அரசர்களின் காவல் தெய்வம். அவர்கள் ஆட்சியோடும் நாயக்கர்களோடும் தெற்கே வந்த பெயர் இது என்று கொள்வதே பொருத்தம். ‘க்ஷ’ தமிழில் ‘ட்ச’ ஆகும். பேச்சில் இன்னும் இளகி ‘ச்ச’ ஆகும். மீனாட்சியை மீனாச்சி என்று கூப்பிடுகிறோமே, அதே வழிதான்.

ஊர் சிறியது, வரலாறு பெரியது. இது ஒரு பாளையத்தின் தலைநகர். 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்த மண். அவருக்குத் துணைநின்ற பாளையக்காரர் கோபால் நாயக்கரை 1801இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனை அறிந்த அளவுக்கு இவரைத் தமிழ்நாடு அறியாதது பெருங்குறை.

இன்று இப்பெயரை வெளியூருக்குக் கொண்டுபோவது விருப்பாச்சி மலைவாழை. புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்திலும் சேர்கிறது.