நபா குமார் மண்டல்

நபா குமார் மண்டல் இந்தியாவைச் சேர்ந்த செய்முறைத் துகள் இயற்பியலாளர் ஆவார். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றியவர். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர்.

தொடக்கக்கால ஆய்வுகள்

நியூட்ரினோ மின்னூட்டமற்ற, மிக நுண்ணிய நிறையுடைய அடிப்படைத் துகள் ஆகும். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்கள் 1965 ஆம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கத்திலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் முதன்முதலாக உணரப்பட்டன. பின்னர், கோலாரில் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் புரோட்டான் சிதைவைத் தேடிய இந்திய-சப்பானியக் குழுவில் மண்டல் பங்கேற்றார். சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகளை இக்குழு 1981 இல் வெளியிட்டது. எனினும் பிற நாடுகளின் பெரிய உணர்கருவிகள் இதனை உறுதி செய்யவில்லை.

அமெரிக்காவின் பெர்மி ஆய்வகத்தில், 1995 இல் டாப் குவார்க்கைக் கண்டறிந்த இரு குழுக்களுள் ஒன்றான டி-சீரோவிலும் இவர் பணியாற்றினார்.

தேனி ஆய்வகத் திட்டம்

கோலார் சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நியூட்ரினோ ஆய்வகத்திற்கான கூட்டமைப்பு உருவானது. நீலகிரியின் சிங்காராவில் முதலில் இடம் தெரிவு செய்யப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் 2009 இல் அனுமதி மறுக்கப்பட்டது. அதன்பின் போடி மேற்கு மலையில், உள்ளூரில் அம்பரப்பர் மலை எனப்படும் குன்று தெரிவானது.

மலையினுள் சுமார் 2 கி.மீ. நீளச் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவுவது திட்டமாகும். மேலுள்ள பாறை அண்டக் கதிர்களைத் தடுக்கும். நியூட்ரினோக்கள் மட்டும் தடையின்றி ஊடுருவும். காந்தப்புலம் நியூட்ரினோவையும் எதிர்-நியூட்ரினோவையும் பிரித்தறிய உதவும். இதன்மூலம் நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவது முதன்மை நோக்கம் ஆகும்.

எதிர்ப்பும் நிலையும்

நடுவண் அமைச்சரவை 2015 சனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. பாறை வெடிப்பு, நீராதாரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு ஆகியவை குறித்து உள்ளூர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நியூட்ரினோக்கள் எங்கும் ஊடுருவிச் செல்வன, தீங்கற்றவை என்பது அறிவியலாளர்களின் விளக்கம். எனினும் வழக்குகள் பெரும்பாலும் சுரங்கம் தோண்டுதலையும் சூழல் அனுமதியையும் பற்றியவையாகும். வைகோ தொடர்ந்த வழக்கில், 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. பெரியாறு, மதிகெட்டான் சோலைக் காடுகளை இணைக்கும் புலிகள் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2022 இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

பொட்டிப்புரத்தில் உணர்கருவி நிறுவப்படவில்லை. அதன் 85 டன் சிறு மாதிரி மதுரையில் 2018 முதல் இயங்கியது. நிறை வரிசையை அறியும் நோக்குடைய சீனாவின் சூனோ உணர்கருவி 2025 ஆகத்தில் தரவு சேகரிக்கத் தொடங்கியது.