வளைவுக்குள் போன குழாய்



போடிமெட்டுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். நம்ம குடலின் பாதையும் அப்படித்தான். வளையாத குழாயை விட்டுப் பார்த்த காலத்தில், டாக்டர்களால் இரைப்பையைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வயிற்று மருத்துவர் இதற்கு வழி தேடினார். 1956-ல் லாரன்ஸ் கர்டிஸ் என்ற மாணவர் அதற்கேற்ற கண்ணாடி இழையைச் செய்து கொடுத்தார். 1957-ல் ஹிர்ஷோவிட்ஸ் அந்த வளையும் குழாயை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியிடம் போனார்.

நம் நாட்டில் இந்தக் கருவியைத் திறம்படக் கையாண்டவர்களில் டாக்டர் டி. நாகேஸ்வர ரெட்டி முக்கியமானவர். 1956-ல் விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். கர்னூலில் டாக்டர் படிப்பு, பொது மருத்துவத்தில் மேற்படிப்பு நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில், குடல் நோய் சிறப்புப் படிப்பு சண்டிகரில். பிறகு ஐதராபாத்தில் குடல் நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை உருவாக்கினார். அது பல நாட்டு டாக்டர்களுக்குப் பயிற்சிக்கூடம் ஆயிற்று. டாக்டர் ஜி.வி. ராவுடன் சேர்ந்து, வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியே போய் குடல்வாலை எடுத்துக் காட்டினார். 2025-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

ஆனால் கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றில் எண்டோஸ்கோப் மூலம் மருந்துக்கு அடங்காத கிருமி பரவியது. இருவர் உயிரிழந்ததில் அதற்குப் பங்கு இருந்தது. தயாரிப்பாளர் சொன்னபடிதான் கழுவியிருந்தார்கள். குழாயின் நுனியில் அசையும் சின்னப் பாகத்தின் இடுக்கில் அழுக்கு தங்கிவிட்டது. அதாவது தவறு கழுவியவர் கையில் இல்லை, வரைபடத்தில்! 2019-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ., நுனிப்பாகத்தைக் கழற்றி எறியும் வகைக்கு மாறுங்கள் என்று பரிந்துரைத்தது.

இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017-ல் வெளியாகி, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏலக்காயைச் சல்லடையில் போட்டு மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். இங்கே சல்லடைக்குப் பதில் ஆபத்தின் அளவு. குறைந்த ஆபத்து 'ஏ', அதிக ஆபத்து 'டி'.

டாக்டர் வேலை டாக்டருக்கு, நமக்கென்ன என்று இருக்கக் கூடாது. அந்த இழையைச் செய்தவர் ஒரு மாணவர்தான். நாளை நீங்கள் ஒரு பாகத்தை வரையும்போது, "இதை எப்படிக் கழுவுவார்கள்?" என்ற கேள்வியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாரோ ஒருவர் உயிர் அதில் இருக்கிறது.