ஆற்றோரக் காவல்: கொலம்பியா ஆற்றுப் பழங்குடி மீன்வள ஆணையத்தின் வரலாறு

கனடா நாட்டு மலைகளில் பிறந்து, வாஷிங்டன், ஆரகன் மாநிலங்களுக்கு எல்லையாக ஓடி, பசிபிக் கடலில் கலக்கிறது கொலம்பியா ஆறு. அந்த ஆற்றின் சால்மன் மீனையும் அதைப் பிடிக்கும் உரிமையையும் காக்க, யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய நான்கு பழங்குடி அரசுகள் 1977-இல் ஒன்றுகூடிக் கண்ட அமைப்பே கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகள் கூட்டு மீன்வள ஆணையம். தலைமையகம் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறது. 2027-இல் ஆணையத்துக்குப் பொன்விழா.

மீன்வள அமைப்புகள் உலகில் எத்தனையோ உண்டு. திருட்டுத்தனமாக மீன் விற்றவர்கள் என்று நாடறியப் பழிக்கப்பட்ட ஒரு மக்கள், அதே திருட்டு விற்பனையைத் தடுக்கும் காவல் படையைத் தாங்களே அமைத்து நடத்தும் அமைப்பு அபூர்வம். இந்த ஆணையத்தின் வரலாற்றை நாம் படிக்க வேண்டியது அதற்காகத்தான்.

ஒப்பந்தத்தில் பிறந்த உரிமை

1855 ஜூன் மாதம். வாஷிங்டன் பிரதேச ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸும் ஆரகன் பிரதேசத்தின் பழங்குடி விவகார அதிகாரி ஜோயல் பாமரும் இந்தப் பழங்குடிகளோடு ஒப்பந்தங்கள் செய்துகொண்டார்கள். பரந்த நிலப்பரப்பு கைமாறியது. பழங்குடிகளுக்கு எஞ்சியது ஒதுக்கீட்டு நிலம். ஆனாலும் ஒன்றை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கமாக மீன் பிடித்து வந்த இடங்களிலெல்லாம், அவை ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே இருந்தாலும், மற்றக் குடிமக்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் எழுந்த எல்லா வழக்குகளுக்கும் அடித்தளம் இந்த ஒரு வாசகம்தான்.

அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்கள் இந்த ஆற்றில் ஏறி வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சால்மன் ஆற்றில் பிறக்கும், கடலில் வளரும், முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும். திரும்பி வரும் மீனை நம்பித்தான் நான்கு குடிகளின் உணவும் சடங்கும் பண்டமாற்றும் நடந்தன.

ஆலைகளும் அணைகளும்

1866-இல் கொலம்பியா கரையில் சால்மனை டின்னில் அடைக்கும் முதல் ஆலை வந்தது. 1883-இல் ஒரே ஆண்டில் சுமார் 4.3 கோடி பவுண்டு சினூக் சால்மன் ஆலைகளுக்குப் போனது. நீரோட்டத்தின் விசையால் சுழன்று மீனை இரவும் பகலும் அள்ளிய மீன் சக்கரங்கள் ஆற்றோரமெங்கும் நின்றன. ஆரகன் அவற்றை 1926-இலும் வாஷிங்டன் 1934-இலும் தடை செய்தன. அதற்குள் மீன் வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்து வந்தவை அணைகள். பான்வில் அணை 1938-இல் எழுந்தது. மேற்பகுதியில் கட்டிய கிராண்ட் கூலி அணைக்கு மீன் ஏறும் படியே வைக்கவில்லை. அதற்கு மேலுள்ள ஆறு முழுவதும் சால்மனுக்கு மூடப்பட்டது. 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் மதகுகளை அடைத்தபோது, பன்னெடுங்காலமாகப் பழங்குடிகள் மரப்பரண் கட்டி, நீண்ட கம்பில் பிணைத்த வலையால் மீன் பிடித்துவந்த சிலைலோ அருவி சில மணி நேரத்தில் நீருக்குள் போனது.

பான்வில் அணையில் மூழ்கிய மீன்பிடி இடங்களுக்கு ஈடாக ஆறு இடங்களில் 400 ஏக்கர் தருவதாக அரசு வாக்களித்தது. கிடைத்தது ஐந்து இடங்களில் சுமார் 40 ஏக்கர். மிச்ச நிலத்துக்கான சட்டம் 1988-இல்தான் வந்தது.

வழக்கு மேல் வழக்கு

உரிமை ஏட்டில் இருந்தது. கரையில் வேலி இருந்தது. மீன் சக்கர உரிமையாளர்களான வினன்ஸ் சகோதரர்கள் யாக்கமா மக்களை ஆற்றங்கரைக்கு வரவிடாமல் தடுத்த வழக்கில், 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழங்குடிகள் பக்கம் நின்றது. ஒப்பந்தம் பழங்குடிகளுக்கு அரசு தந்த சலுகை இல்லை; அவர்கள் அரசுக்குத் தந்தது போக மீதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டதே என்பது தீர்ப்பின் சாரம். மாநில அரசு பழங்குடி மீனவரிடம் உரிமக் கட்டணம் கேட்க முடியாது என்று 1942-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

1968-இல் யாக்கமா மீனவர் டேவிட் சோஹாப்பியும் அவருடைய உறவினர் ரிச்சர்டும் மீன் பிடித்ததற்காகக் கைதானார்கள். யாக்கமா குடியினர் பதினான்கு பேர் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 1969-இல் நீதிபதி ராபர்ட் பெல்லோனி, ஆற்று மீனில் பழங்குடிகளுக்கு நியாயமான பங்கு உண்டு என்றார். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், வாஷிங்டன் மாநில வழக்கொன்றில் அந்தப் பங்கு பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று அளவு சொன்னார். விரைவில் அந்த அளவு கொலம்பியாவுக்கும் வந்தது.

பாதிப் பங்கு என்று தீர்ப்பு வந்த கையோடு வேறொரு கேள்வியும் வந்தது. மொத்தம் எவ்வளவு மீன் என்று யார் சொல்வது? மாநில அதிகாரிகள் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்பதா? தங்கள் பக்கத்திலும் உயிரியலாளர்களும் நீரியலாளர்களும் சட்ட வல்லுநர்களும் வேண்டும் என்று நான்கு குடிகளும் உணர்ந்தன. அப்படி 1977-இல் எழுந்ததே ஆணையம். நான்கு குடிகளின் மீன்வளக் குழுக்களிலிருந்து ஆணையர்கள் வருகிறார்கள். முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. மீன் பிடிக்கும் சட்டத்தை அந்தந்தக் குடியே இயற்றுகிறது. அதற்கு வேண்டிய அறிவியலையும் ஒருங்கிணைப்பையும் ஆணையம் தருகிறது.

1982: காணாமற்போன மீன்கள்

ஆணையம் தொடங்கி ஐந்தாவது ஆண்டில் பெருஞ்சோதனை வந்தது. பான்வில் அணைக்கும் அதற்கு மேலே உள்ள மக்னேரி அணைக்கும் இடையே சுமார் 40,000 சால்மன் கணக்கில் வரவில்லை என்று அரசு அதிகாரிகள் சொன்னார்கள். பழி பழங்குடி மீனவர்கள் மேல் விழுந்தது. மத்திய மீன்வளத் துறை அதிகாரிகள் மீன் வியாபாரிகளாக வேடமிட்டு ஆற்றோரத்தில் பல மாதங்கள் மீன் வாங்கினார்கள். செய்தித்தாள்கள் இதற்கு ‘சால்மன்ஸ்காம்’ என்று பெயர் வைத்தன.

1981 நவம்பரில், காட்டுயிர் வணிகத்துக்கான லேசி சட்டம் திருத்தப்பட்டிருந்தது. 1900-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், மாநிலச் சட்டத்தையோ பழங்குடிச் சட்டத்தையோ மீறிப் பிடித்த மீனை விற்பதையும் இப்போது பெருங்குற்றம் ஆக்கியது. மீனின் மதிப்பு 350 டாலரைத் தாண்டினால் ஐந்தாண்டு வரை சிறை. அந்தச் சட்டத்தின்கீழ் 317 மீன்களை விற்றதற்காக டேவிட் சோஹாப்பிக்கு 1983-இல் ஐந்தாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது; அவர் மகனுக்கும் ஐந்தாண்டு சிறை. யாக்கமா நீதிமன்றம் 1987-இல் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. மேலவை உறுப்பினர் டேனியல் இனோயே போன்றோர் முயற்சியால் 1988-இல் சோஹாப்பி சிறையிலிருந்து வெளிவந்தார், 1991-இல் மறைந்தார்.

அந்த 40,000 மீன்கள் என்னவாயின? இந்த இரண்டு அணைகளுக்கும் இடையிலுள்ள ஜான் டே அணைக்கு அருகிலிருந்த அலுமினிய ஆலையிலிருந்து ஆற்றில் கலந்த ஃப்ளோரைடு, மீன்கள் அணையைக் கடப்பதைத் தாமதப்படுத்தியது என்று மத்திய அரசின் ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். மேலே ஏறாத மீனை எண்ணும் இடத்தில் எண்ண முடியாதல்லவா? 317 மீனுக்கு ஆள் உள்ளே போனார். 40,000 மீனுக்கு யாரும் போகவில்லை.

சொந்தக் காவல்

பழி விழுந்த அந்த நாட்களின் கசப்பில் ஆணையம் இரண்டு வழிகளில் ஒன்றில் போயிருக்கலாம். எந்தக் கட்டுப்பாடும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மாநிலக் காவலர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கியிருக்கலாம். இரண்டையும் அது செய்யவில்லை. அதே 1982-இல் மீன்வளச் சட்டத்துக்கெனத் தன் காவல் பிரிவை அமைத்தது. அந்தப் பிரிவு ஹூட் ரிவர் ஊரிலிருந்து இயங்குகிறது.

பான்வில் முதல் மக்னேரி வரை 147 மைல் ஆற்றுநீளத்துக்கு ‘ஆறாம் மண்டலம்’ என்று பெயர். அங்கே வணிக மீன்பிடிப்பு ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு மட்டுமே உரியது. காவலர்கள் படகிலும் கரையிலும் ரோந்து போகிறார்கள். பருவம் மூடியபின் கிடக்கும் வலை, அளவு மீறிய வலை, பிறர் வலையில் கைவைப்பது எல்லாம் அவர்கள் கண்காணிப்பில் வரும். அறுந்து ஆற்றடியில் கிடந்து வீணாக மீனைக் கொல்லும் வலைகளை எடுப்பதும், கவிழ்ந்த படகில் இருப்பவரை மீட்பதும் அவர்கள் வேலையே. குற்றம் செய்தவர் பழங்குடி உறுப்பினர் என்றால் வழக்கு அவருடைய சொந்தக் குடியின் நீதிமன்றத்துக்குப் போகிறது. தண்டனை சொல்பவர் தன்னவர் என்பதால் தீர்ப்பை ஏற்பது எளிதாகிறது. தன்னவர் முன் தலைகுனிவதால் தண்டனை கடுமையும் ஆகிறது.

விற்பனையில் ஒழுங்கு

பிடித்த மீன் எல்லாம் விற்பனைக்கு வருவதில்லை. சடங்குக்கும் வீட்டு உணவுக்கும் பிடிக்கும் மீனை விற்கக் கூடாது. குடிகள் வணிகப் பருவம் அறிவித்த நாட்களில் பிடித்ததையே விற்கலாம். வசந்தத்தில் முதல் சால்மன் விருந்து நடந்து முடிந்த பிறகே வணிகப் பேச்சு.

பருவம் திறந்தால் கேஸ்கேட் லாக்ஸ் போன்ற ஊர்களில் மீனவக் குடும்பங்கள் ஐஸ் பெட்டியோடு ஆற்றங்கரையில் அமர்ந்து நேரடியாக விற்கின்றன. வாங்குபவர்களுக்கு ஆணையம் சொல்லும் வழிமுறை எளிது: விற்பவரின் பழங்குடி அடையாள அட்டையைப் பார்க்கலாம், ரசீது கேட்டு வாங்கி மீனோடு வைத்திருக்க வேண்டும், உரிமமில்லாமல் மறுவிற்பனை செய்யக் கூடாது. இன்று எங்கே மீன் கிடைக்கும் என்று விசாரிக்க இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 1855.

ரசீதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பான்வில் அணையில் 1938 முதலே மீன் ஏறும் படியில் ஏறும் மீனை இனவாரியாக எண்ணிவருகிறார்கள். அந்த எண்ணிக்கையையும் வைத்தே எவ்வளவு பிடிக்கலாம், எத்தனை நாள் பருவம் என்று முடிவாகிறது. மறைவாக விற்ற மீன் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதன் இழப்பு மாநிலத்துக்கு மட்டும் போவதில்லை. அடுத்த வாரம் வலை போடக் காத்திருக்கும் பக்கத்துப் பரண்காரரின் நாட்களிலிருந்தும் கழிகிறது. இதனாலேயே காவல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று குடிகள் நினைத்தன.

மீன் திரும்பியது

காவலோடு மீனைப் பெருக்கும் வேலையும் நடந்தது. 1995-இல் ஆணையம் ‘வய்-கன்-உஷ்-மி வா-கிஷ்-விட்’ என்னும் மீட்புத் திட்டத்தை வெளியிட்டது. பொருள், சால்மனின் ஆன்மா. குஞ்சுகளை நாற்றங்கால் போன்ற பொரிப்பகத்தில் வளர்த்து, பெரிய மீன் திரும்பி வரவேண்டிய ஓடையிலேயே விடுவது அதன் முக்கியக் கூறு. ஐடஹோவில் மரபணு ஆய்வுக்கூடம் நடத்தி, எந்த மீன் எந்த ஓடையைச் சேர்ந்தது என்று கண்டறிகிறார்கள்.

கொலம்பியாவின் துணையாறான ஸ்னேக் ஆற்றில் 1990-இல் லோவர் கிரானைட் அணையைத் தாண்டிய இயற்கையான இலையுதிர்காலச் சினூக் 78 மட்டுமே. பொரிப்பக மீனும் சேர்த்து 2013-இல் அங்கே 50,000-க்கும் மேல் எண்ணினார்கள். 1986-இல் அற்றுப்போனதாக அறிவித்த அந்த ஆற்றின் கோஹோ சால்மனை நெஸ் பெர்ஸ் மக்கள் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

பொன்விழா ஆண்டின் பணி

ஆணையத்தின் முன் பணி குறையவில்லை. அணைகளில் மீனுக்கு ஆகும் சேதம் தொடர்கிறது. ஆற்று நீர் கோடையில் சூடாகிறது. ஸ்னேக் ஆற்று அணைகள் குறித்து 2023 டிசம்பரில் மத்திய அரசோடு எட்டிய உடன்பாட்டை, 2025 ஜூனில் குடியரசுத் தலைவரின் ஆணை கைவிட்டது. மாநிலங்களும் குடிகளும் மீனைப் பங்கிடும் 2018-2027 மேலாண்மை ஒப்பந்தமோ பொன்விழா ஆண்டு முடிவிலேயே காலாவதியாகிறது. ஆகவே அந்த ஆண்டில் மாலை மரியாதைக்கு நடுவே பேச்சுவார்த்தை மேசையிலும் ஆணையம் உட்கார வேண்டியிருக்கும்.

அந்த மேசைக்கு அது வெறுங்கையோடு போகவில்லை. சொந்தக் கணக்கு, சொந்த ஆய்வுக்கூடம், சொந்தக் காவல், சொந்த நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. 1982-இல் மீன் எங்கே போனது என்று பிறர் சொன்ன கதையே எடுபட்டது. இன்று அந்தக் கேள்வி எழுந்தால் நான்கு குடிகளிடமும் ஆதாரத்தோடு கூடிய பதில் உண்டு. ஐம்பது ஆண்டில் ஆணையம் ஈட்டிய பெருஞ்செல்வம் அதுவே. அது மேலும் வளர வாழ்த்துவோம்.