கொடுக்கும் மரக்கால், வாங்கும் மரக்கால்



நம் திருவாடானைப் பகுதி நெல் விளையும் பூமி. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்கிய வழக்கம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். பழைய வாய்ப்பாட்டின்படி எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் அதே மரக்காலைத் தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் வேறு கணக்கு. அளக்கிற கை யாருடையது என்பதில்தான் ஏழையின் பிழைப்பு இருந்தது.

இந்தக் கவலை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. இன்றைய ஈராக் நாட்டில் வாழ்ந்த சுமேரியர்கள் அறுபது அறுபதாகக் கணக்கிட்டவர்கள். அறுபது செக்கேல் ஒரு மினா. அறுபது மினா ஒரு தாலந்து. நற்செய்தி உவமைகளில் நாம் கேட்கும் மினாவும் தாலந்தும் அந்த மண்ணில் வேர்விட்ட அளவுகளே. ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்று இன்று நாம் எண்ணுவதும் அவர்கள் வழியில் வந்ததுதான்.

அபிரகாமின் சொந்த நகரமாகத் திருவிவிலியம் சொல்லும் ஊர் என்னும் நகரில், கி.மு. 2100 அளவில் ஒரு சட்டத் தொகுப்பு எழுதப்பட்டது. ஊர்-நம்மு மன்னரின் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதன் முன்னுரையில் மன்னர் தம் சாதனைகளைச் சொல்லும்போது, தானிய அளவையையும் எடைக்கல்லையும் ஒழுங்குபடுத்தியதைச் சொல்கிறார். அதோடு, அநாதையைச் செல்வனிடமும், கைம்பெண்ணை வலியவனிடமும், ஒரு செக்கேல் உள்ளவனை ஒரு மினா உள்ளவனிடமும் விட்டுவிடவில்லை என்கிறார். ஒரு மடங்கு உள்ளவனை அறுபது மடங்கு உள்ளவனிடமிருந்து காப்பது என்று பொருள். படியைச் சரிசெய்வதும் ஏழையைக் காப்பதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன.

கி.மு. 1750 அளவில் பாபிலோனை ஆண்ட அம்முராபி மன்னரின் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கடன் கொடுக்கும்போது சிறிய அளவையாலும், திரும்ப வாங்கும்போது பெரிய அளவையாலும் அளக்கும் வணிகன், தான் கொடுத்ததையே இழக்க வேண்டும். விதைநெல் கடன் வாங்கியவனின் வயிற்றெரிச்சல் அந்தச் சட்டத்தில் கேட்கிறது அல்லவா?

பின்னாளில் அதே பாபிலோனில் அடிமைப்பட்டு வாழ்ந்தவர் இறைவாக்கினர் எசேக்கியேல். தம் மக்களின் புதிய வாழ்வைப் பற்றிப் பேசும்போது, கோவிலோடும் பலியோடும் நேர்மையான தராசையும் மரக்காலையும் சேர்த்தே பேசினார். அறுபது செக்கேல் ஒரு மினா என்று கணக்கையும் சொன்னார். கள்ள மரக்கால் வைத்திருப்பவரின் காணிக்கை எப்படி ஏற்கப்படும்?

நம் தமிழ்நாட்டிலும் இந்த உணர்வு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், நெல்லை 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்ததாகக் கூறுகின்றன. ஆடவல்லான் என்பது அவர்கள் வணங்கிய இறைவனின் பெயர். பொன்னை நிறுத்த கல்லுக்கும் அதே பெயர்தான். கடவுள் பெயர் தாங்கிய மரக்காலில் குறைத்து அளக்க யாருக்குத் துணிவு வரும்?

1956-இல் இந்திய அரசு மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் இயற்றியது. படிப்படியாக மரக்கால் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. இன்று எலக்ட்ரானிக் தராசு, அதில் அரசு முத்திரை. ஆனாலும் முத்திரை தராசுக்குத்தான், மனத்துக்கு இல்லை. நெல் மூட்டையை நிறுக்கிறவர், மீனை எடை போடுகிறவர், ஆள்காரருக்குக் கூலி எண்ணிக் கொடுக்கிறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர் என எல்லார் கையிலும் ஓர் அளவை இருக்கிறது.

நாம் அளக்கும் அளவையாலேயே நமக்கும் அளக்கப்படும் என்றார் ஆண்டவர் இயேசு. இந்த வாரம் ஒன்று செய்வோம். நாம் கொடுக்கும் மரக்காலும் வாங்கும் மரக்காலும் ஒன்றுதானா என்று பார்ப்போம். ஒன்றாக இல்லையென்றால், குறைந்ததை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பலிபீடத்துக்கு வருவோம். ஆமென்.