கிடைப் பெண்களும் விலை சொல்லும் உரிமையும்

சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள், இடையர் பெண், வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர் விற்று, அதற்கு ஈடான தானியத்தால் வீட்டாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தால் வாங்குவதில்லை. எருமையும் பசுவுமாகப் பெறுகிறாள். அந்த மாடுகள் யார் உடைமை ஆயின என்று அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை. ஆனால் வந்த வருவாயை என்ன செய்வது என்று முடிவெடுப்பவள் அவளே. மேய்ச்சல் சமூகப் பெண்களின் மேம்பாட்டை அளக்க இந்த முடிவெடுக்கும் உரிமையைவிடச் சரியான அளவுகோல் இல்லை.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து காவிரிப் படுகைக்குச் செம்மறி ஓட்டிச் செல்லும் மந்தைத் தலைவர்களான கீதாரிகளின் குடும்பங்களைப் பாருங்கள். ஆண்கள் மந்தையோடு போய்விட, கூட்டில் அடைத்த இளங்குட்டிகளைக் காப்பதும், தாயாடு திரும்பியதும் குட்டிகளை ஊட்டவிடுவதும், கஞ்சி காய்ச்சுவதும், இடம் மாறும்போது சட்டிபானைகளைக் கட்டுவதும் பெண்கள் பாடு. குட்டி பிழைத்தால்தான் மந்தை பெருகும். ஆயினும் இந்த மந்தையில் விலையாவது பாலன்று, புழுக்கையும் இறைச்சியும். எருவுக்காக வயலில் மந்தையை அடைப்பதற்கான கிடைக்கூலியை நிலக்காரரிடம் பேசுபவர் ஆண். கிடாய்க்கு வியாபாரியிடம் விலை பேசுபவரும் ஆண். ஆய்மகளைத் தெருவுக்கு அழைத்துச் சென்ற மோர்ப்பானை இங்கே இல்லை. கிடைப்பெண்ணின் சொல் எடுபடாததற்குக் காரணம் உழைப்புக் குறைவன்று, விற்பனையில் இடமின்மையே என்பது என் வாதம். பால் இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. நீலகிரித் தோதவரிடையே எருமைப்பால் உண்டு. ஆனால் புனிதப் பால்மனைக்குள் பெண் நுழைய மரபு இடந்தரவில்லை.

தமிழக அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைப் பெண்ணுக்கு 4 ஆடுகள் தந்தது. ஆட்டைப் பெண்ணிடம் ஒப்படைத்தது பெரிய காரியம். ஆனால் பயனாளி ஏற்கெனவே ஆடுமாடு வைத்திருக்கக் கூடாது, அதே ஊராட்சியில் நிலையாகக் குடியிருக்க வேண்டும் என்றன விதிகள். ஆடே பிழைப்பாக, வலசையே வாழ்வாக இருப்பவளை இந்த இரண்டு வரிகளும் வெளியே நிறுத்திவிட்டன.

மந்தையைப் பெண் பெயரிலும் பதியச் சொன்னால், அது குடும்பச் சொத்து, தனிப்பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடனும் காப்பீட்டுத் தொகையும் குடும்பத்துக்கு என்று வருவதில்லை, பெயருக்குத்தான் வருகின்றன. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையை ஏற்றது. திருமணமானவர்களுக்கு வழங்கும் நில உரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியச் சொன்னது. நிலத்துக்கு ஆன முறை ஆட்டுக்கு ஏன் ஆகாது?

2024 அக்டோபரில் தொடங்கிய 21 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு மேய்ச்சல் சமூகத்தாரை முதன்முறையாகத் தனியே கணக்கில் எடுத்தது. அடுத்த வேலை சிறியது. ஆட்டின் காதில் வில்லை மாட்டும்போது, உரிமையாளர் பதிவில் கீதாரியின் பெயரோடு அவர் மனைவியின் பெயரையும் எழுதக் கால்நடைத் துறை ஆணையிட வேண்டும்.