மாப் பையும் மங்கையர் ஊசியும்

கழித்த பொருள்களைக் கொண்டு கையால் தைக்கப்படும் பைகள் இன்று நாகரிகச் சின்னங்களாக மதிக்கப்படுகின்றன. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 1993ஆம் ஆண்டு பிரைற்றாக் சகோதரர் இருவர், லொறிகளின் பழைய தார்ப்பாய், சைக்கிள் ரியூப், கார் ஆசனப்பட்டி ஆகியவற்றால் தோட்பைகள் செய்யத் தொடங்கினர். அத்தகைய பையொன்று நியூ யோர்க் நவீன கலைக்கூடத்தில் இடம்பெற்றுளது. இதனை நம் காலத்தின் புதுமையென்று போற்றுவோர் பலர். ஆயின், இக்கலையின் வேரைத் தேடுவோமாயின், வறுமையும் போரும் நிறைந்த நிலத்தையே நாம் சென்றடைகிறோம்.

1914 ஆகஸ்ட் 4ஆம் திகதி ஜேர்மன் படைகள் பெல்ஜியத்தினுட் புகுந்தன. உணவுத் தானியத்தின் பெரும் பகுதியை இறக்குமதி செய்து வாழ்ந்த நாடு அது. உள்ளே ஆக்கிரமிப்பு, வெளியே பிரித்தானியக் கடற்படையின் முற்றுகை. எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பட்டினியின் வாயிலில் நின்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஹேர்பேட் ஹூவரின் தலைமையில் நிவாரண ஆணைக்குழு அமைந்தது. கோதுமை மா கப்பலில் ரொட்டர்டாம் துறையை அடைந்து, கால்வாய்ப் படகுகளிற் பெல்ஜியம் சென்றது.

மினியாபொலிஸ் நகரின் மா ஆலைத் தொழில் இதழொன்றின் ஆசிரியரான வில்லியம் எட்கார், தாம் திரட்டிய மாவை 49 இறாத்தல் கொள்ளும் பருத்திப் பைகளில் அனுப்புமாறு ஆலைகளை வேண்டினார். வெறும் பை ஏழை வீட்டில் உள்ளாடையாகும். அமெரிக்கப் பருத்தி ஆலைகளுக்கும் வேலை கிடைக்கும். தருமமும் வாணிகமும் ஒரே பையில் அடங்கின!

பருத்தி வெறுந் துணி மட்டுமோ? அமிலங்களிற் பதப்படுத்தினால் அதுவே வெடிமருந்தாகும். அது ஜேர்மன் படையின் கையிற் சிக்கலாகாது என்ற அச்சம் ஒருபுறம். மட்டமான மாவை அதே பையில் நிரப்பி விற்பாரோ என்ற ஐயம் மறுபுறம். எனவே வெறும் பைகள் கணக்கிடப்பட்டுத் தையற்கூடங்களுக்கும் தொழிற்பள்ளிகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் வழங்கப்பட்டன.

றேந்தைக்கும் பூவேலைக்கும் புகழ்பெற்ற அந்நாட்டுப் பெண்கள் பலர் அப்போது வேலையிழந்திருந்தனர். சிறு கூலிக்கு அவர்கள் அப்பைகளை ஆடையாகவும் தலையணை உறையாகவும் கைப்பையாகவும் மாற்றினர். அச்சிட்ட ஆலைப் பெயரை அவர்கள் அழிக்கவில்லை. அவ்வெழுத்துக்களின்மீதே வண்ண நூலோட்டினர். பக்கத்திலே தம் கொடியின் கறுப்பும் மஞ்சளும் சிவப்பும், நன்றிச் சொற்களும் மலர்ந்தன. அவை பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்கப்பட்டு நிவாரண நிதிக்கு உதவின. கை நீட்டிப் பெற்றதை உழைப்பாக்கித் திருப்பித் தந்தனர் அப்பெண்கள். இரந்துண்ணும் இழிவைத் துடைத்த ஊசி அது.

அப்பைகளின் பெருந்தொகுப்பொன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஹூவர் நூலகத்தில் உள்ளது. ஆலையின் பெயரை இன்றும் அவற்றில் வாசிக்கலாம். தைத்தவளின் பெயரோ பலவற்றில் இல்லை. வரலாறு முதலாளியின் முத்திரையைக் காத்தது; உழைத்தவளை மறந்தது.

இந்நாளில் பழம்பொருட் பைக்குப் பெருவிலை கொடுப்போர் அதன் அழகை வியக்கட்டும். பூமிக்குக் குப்பை குறைந்ததென மகிழட்டும். கூடவே ஒரு வினாவையும் எழுப்பட்டும்: இதைத் தைத்த கை எது? அக்கைக்குக் கிடைத்த கூலி எவ்வளவு? இவ்வினாவுக்கு நேர்மையான விடை தரும் பையே உண்மையில் அழகிய பை என்போம் நாம்.