சொகுசுத் தானுந்துகளுக்கான நீட்டித்த உத்தரவாதம்

நீட்டித்த உத்தரவாதம் என்பது, தானுந்து (கார்) ஒன்றின் உற்பத்தியாளர் அளிக்கும் உத்தரவாதக் காலம் முடிந்த பின்னர் ஏற்படும் பழுதுகளைச் சரிசெய்யும் செலவை, முன்கூட்டியே பெற்றுக்கொண்ட கட்டணத்துக்கு ஈடாக ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஆகும். பெயரில் உத்தரவாதம் என்ற சொல் இருப்பினும், ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி இது உத்தரவாதம் அன்று. சேவை ஒப்பந்தம் என்றே கருதப்படுகிறது. பழுதுச் செலவு மிகுந்த சொகுசுத் தானுந்துகளை வாங்குவோருக்கு இது பரவலாக விற்கப்படுகிறது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் உள்ள நடைமுறையை விளக்குகிறது.

உத்தரவாதமும் சேவை ஒப்பந்தமும்

உற்பத்தியாளரின் உத்தரவாதம் தானுந்தின் விலைக்குள் அடங்கியது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சேவை ஒப்பந்தமோ தனி விலை கொடுத்து வாங்கப்படுவது. இவ்வேறுபாட்டை 1975 ஆம் ஆண்டின் மக்னூசன்-மாசு உத்தரவாதச் சட்டம் வரையறுத்தது. செனட்டர் வாரன் மக்னூசன், கீழவை உறுப்பினர் சான் மாசு ஆகியோரின் பெயர்களால் இச்சட்டம் அழைக்கப்படுகிறது. சேவை ஒப்பந்தத்தின் விதிகள் முழுமையாகவும் எளிதில் புரியும் மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது.

எழுதப்படாத உள்ளார்ந்த உத்தரவாதம் ஒன்றும் உண்டு. விற்கப்படும் பொருள் அதன் இயல்பான பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதே அது. ஒரு விற்பனையாளர் விற்பனையின்போதோ அதன் பின்னர் 90 நாட்களுக்குள்ளோ தானே வாங்குபவருடன் சேவை ஒப்பந்தம் செய்துகொண்டால், உள்ளார்ந்த உத்தரவாதத்தை அவர் மறுக்க முடியாது.

காலமும் தொலைவும்

உத்தரவாதம் ஆண்டு, ஓடிய தொலைவு என்னும் இரு அளவுகளால் வரையறுக்கப்படுகிறது. இரண்டில் எது முதலில் எட்டப்படுகிறதோ அத்துடன் உத்தரவாதம் முடிவடைகிறது. 1960களின் தொடக்கத்தில் 12 மாதங்கள் அல்லது 12,000 மைல்கள் என்ற அளவு வழங்கப்பட்டது. கிரைசுலர் நிறுவனம் தனது 1963 ஆம் ஆண்டு மாதிரிகளில் எஞ்சின், கியர்பெட்டி முதலிய இயக்கத் தொகுதிக்கு 5 ஆண்டுகள் அல்லது 50,000 மைல்கள் வரை உத்தரவாதம் அளித்தது. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிசு-பென்சு ஆகிய நிறுவனங்கள் ஐக்கிய அமெரிக்காவில் விற்கும் புதிய தானுந்துகளுக்கு 4 ஆண்டுகள் அல்லது 50,000 மைல்கள் (சுமார் 80,000 கி.மீ.) என்ற அளவைப் பின்பற்றுகின்றன. லெக்சசு நிறுவனம் இதே அளவுடன், இயக்கத் தொகுதிக்கு மட்டும் 6 ஆண்டுகள் அல்லது 70,000 மைல்கள் வரை அளிக்கிறது.

நீட்டித்த உத்தரவாதத்தின் காலம் எந்நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது முதன்மையானது. புதிய தானுந்துடன் வாங்கப்படும் "7 ஆண்டுகள்" ஒப்பந்தம், தானுந்து முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்பட்டால், முதல் 4 ஆண்டுகள் உற்பத்தியாளரின் உத்தரவாதத்துடன் ஒன்றி விடுகின்றன. எனவே கூடுதலாகக் கிடைப்பது 3 ஆண்டுகளே.

சொகுசுத் தானுந்துகளில் இதன் தேவை

சொகுசுத் தானுந்துகளில் பல மூன்றாண்டுக் குத்தகை முடிந்த பின்னர் பழைய தானுந்துச் சந்தைக்கு வருகின்றன. அப்போது அவற்றின் விலை பெரிதும் குறைந்திருக்கும். ஆனால் அவற்றின் உதிரிப்பாகங்களின் விலை அவ்வாறு குறைவதில்லை. நடுத்தர விலையுள்ள புதிய தானுந்துக்கு ஈடான தொகையில் பழைய சொகுசுத் தானுந்தை வாங்கும் ஒருவர், அதன் பழுதுச் செலவை மட்டும் புதிய சொகுசுத் தானுந்தின் அளவிலேயே ஏற்க நேரிடுகிறது.

காற்றுத் தொங்கமைப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். 1998 இல் அறிமுகமான மெர்சிடிசு-பென்சு எசு-வகுப்பில் ஏர்மேட்டிக் என்ற பெயரில் இது இடம்பெற்றது. சாதாரணச் சுருள்வில்லுக்குப் பதிலாக இதில் ரப்பர்க் காற்றுப் பைகள் உள்ளன. ரப்பரில் விரிசல் ஏற்பட்டுக் காற்று கசிந்தால், அழுத்தத்தை ஈடுசெய்யக் காற்றழுத்தி நீண்ட நேரம் ஓடி அதுவும் பழுதடையக்கூடும். இவ்வாறு ஒரு சிறு கசிவு இரு பாகங்களின் செலவாக மாறுகிறது.

வகைகள்

பழுது ஏற்பு அளவின்படி இவ்வொப்பந்தங்கள் மூன்று வகைப்படும்.

- இயக்கத் தொகுதி ஒப்பந்தம்: எஞ்சின், கியர்பெட்டி, இயக்கத் தண்டு ஆகியவற்றின் உட்பாகங்களை மட்டும் உள்ளடக்கும்.
- பட்டியலிட்ட பாகங்களின் ஒப்பந்தம்: பட்டியலில் பெயர் குறிப்பிடப்பட்ட பாகங்கள் மட்டுமே அடங்கும்.
- விலக்குப் பட்டியல் ஒப்பந்தம்: விலக்கப்பட்டவை தவிர ஏனைய அனைத்தும் அடங்கும். இது விலை கூடியது.

சொகுசுத் தானுந்தில் பழுதடைவனவற்றுள் பல மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உணரிகளும் ஆகும். இவை முதல் வகையில் பெரும்பாலும் அடங்கா.

பணம் செலுத்துபவரின்படி இவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, உற்பத்தியாளரோ அவரது துணை நிறுவனமோ பொறுப்பேற்பது. மற்றது, தொடர்பற்ற மூன்றாம் தரப்பு நிறுவனம் பொறுப்பேற்பது. பின்னதில் விற்பவர், நிர்வகிப்பவர், பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் ஆகிய மூவரும் வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கலாம். கேமன் தீவுகளில் பதிவு பெற்றிருந்த நேசனல் வாரண்டி காப்பீட்டு நிறுவனம் 2003 இல் நொடித்துப்போனபோது, அது பின்னின்ற சேவை ஒப்பந்தங்களை வாங்கியிருந்த பலர் பாதிக்கப்பட்டனர்.

கோரிக்கையும் மறுப்பும்

பழுது ஏற்பட்டதும் பணிமனை முதலில் ஒப்பந்த நிர்வாகியிடம் ஒப்புதல் பெறவேண்டும். ஒப்புதலுக்கு முன் செய்த வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. காரணத்தை அறிய எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தால் அச்செலவை முதலில் உரிமையாளர் ஏற்க நேரிடும். கோரிக்கை ஏற்கப்பட்டால் மட்டுமே அது திருப்பித் தரப்படும். கோரிக்கைகள் மறுக்கப்படும் பொதுவான காரணங்கள் பின்வருமாறு:

- ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த பழுது
- தடுப்புக்கட்டை, சக்கர உறை போன்ற பாகங்களின் இயல்பான தேய்மானம்
- எண்ணெய் மாற்றம் முதலிய பராமரிப்புக்குச் சான்று இல்லாமை
- பழுதை அறிந்த பின்னரும் தொடர்ந்து ஓட்டியமை
- எஞ்சின் மென்பொருள் முதலியவற்றில் செய்த மாற்றங்கள்
- ஒப்பந்தத்தில் அடங்காத பாகம் ஒன்றால் விளைந்த சேதம்

பராமரிப்பை உற்பத்தியாளரின் முகவரிடமே செய்யவேண்டும் என்பது பரவலான தவறான கருத்து. பாகமோ சேவையோ இலவசமாக அளிக்கப்பட்டாலன்றி, அல்லது கூட்டரசு வணிக ஆணையத்திடம் விலக்கு பெற்றிருந்தாலன்றி, தன் பாகங்களையோ சேவையையோ மட்டுமே பயன்படுத்த வேண்டுமென உத்தரவாதம் அளிப்பவர் நிபந்தனை விதிக்க மக்னூசன்-மாசு சட்டம் இடமளிப்பதில்லை. இவ்விதியை பி.எம்.டபிள்யூ வட அமெரிக்க நிறுவனத்தின் மினி பிரிவு மீறியதாக ஆணையம் தொடுத்த வழக்கு 2015 இல் சமரசத்தில் முடிந்தது.

விலையும் திரும்பப் பெறுதலும்

ஒப்பந்தத்தின் விலை பெரும்பாலும் பேசிக் குறைக்கத்தக்கது. அதனைத் தானுந்துக் கடனுடன் சேர்த்தால் வட்டியும் சேரும். எடுத்துக்காட்டாக, 3,000 டாலர் ஒப்பந்தத்தை ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியில் 60 மாதக் கடனில் சேர்த்தால், மாதம் 58 டாலர் வீதம் மொத்தம் சுமார் 3,480 டாலர் செலுத்த வேண்டியிருக்கும். இதனுடன், ஒவ்வொரு பழுதுக்கும் உரிமையாளர் தன் பங்காக ஒரு தொகை செலுத்த வேண்டும். இத்தொகை பணிமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்றா, பழுதான ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்றா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுபடும்.

பல ஒப்பந்தங்களை இடையில் நீக்கிக்கொள்ளலாம். அப்போது கழிந்த காலம், ஓடிய தொலைவு ஆகியவற்றுள் விகிதத்தில் மிகுந்தது கணக்கில் கொள்ளப்படும். 48 மாதம், 48,000 மைல் ஒப்பந்தத்தில் 12 மாதங்களில் 24,000 மைல் ஓடியிருந்தால், காலத்தில் கால் பங்கே கழிந்திருந்தாலும் பாதித் தொகையே திரும்பக் கிடைக்கும்.

பொருளியல் பார்வை

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத நிலையில் பழைய தானுந்துச் சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதை சார்ச்சு அக்கர்லோஃபு 1970 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். உத்தரவாதம் இக்குறையை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்று என்றும் அவர் குறிப்பிட்டார். இதற்காக 2001 இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார். தன் பொருளுக்குத் தானே பொறுப்பேற்கும் விற்பனையாளர், அதன் தரத்தைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். மூன்றாம் தரப்பு ஒப்பந்தம் அத்தகைய செய்தி எதனையும் தருவதில்லை. அது காப்பீட்டைப் போன்றே இயங்குகிறது. நிர்வாகச் செலவும் விற்பனைத் தரகும் ஆதாயமும் கட்டணத்தில் அடங்குவதால், வாங்குவோர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் செலுத்திய தொகையைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுவர். ஒருமுறை வரும் பெருஞ்செலவைத் தாங்க இயலாதவருக்கே இதன் பயன் மிகுதி.

மோசடிகள்

உத்தரவாதம் முடிவடையப் போகிறது என்று எச்சரிக்கும் தானியங்கித் தொலைபேசி அழைப்புகள் ஐக்கிய அமெரிக்காவில் பெருந்தொல்லையாக இருந்தன. 2021 இன் முதல் மூன்று மாதங்களில் 500 கோடிக்கு மேற்பட்ட அழைப்புகளை விடுத்த ஒரு குழுவினருக்கு, கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 2023 ஆகத்தில் ஏறத்தாழ 30 கோடி டாலர் தண்டம் விதித்தது. உண்மையான சேவை ஒப்பந்தத்தை வாங்கும்போதும், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் முழுப் படியைக் கேட்டு, விலக்குப் பட்டியலையும் பணம் செலுத்தக் கடமைப்பட்ட நிறுவனத்தின் பெயரையும் பார்ப்பது இன்றியமையாதது ஆகும்.